நனையாத தீப்பெட்டி

"அந்தாளு கை கிடுகிடுன்னு நடுங்குச்சு மேடம். பாக்கவே பாவமா இருந்துச்சு. நான்தான் அவன் சட்டைப் பையிலேருந்து தீப்பெட்டிய எடுத்து, அவன் சுருட்டி வெச்சிருந்த புகையிலையப் பத்த வெச்சுக் குடுத்தேன். கைதின்னாலும் மனுஷன்தானே?"

கான்ஸ்டபிள் கும்போ தன் கருணையைத் தானே மெச்சிக்கொண்டு ரொட்டியை டீயில் முக்கினார்.

ஹஸ்வினே கோண்டோ தன் டீயைக் கீழே வைத்தாள்.

"எத்தனை குச்சி கிழிச்சீங்க?"

"ஒண்ணே ஒண்ணு. நான் கிழிச்சா ஒரே கிழிதான்."

"எப்போ?"

"கரைக்குக் கூட்டிட்டு வந்த உடனேயே. படகுத்துறையிலயே. ஏன் மேடம்?"

"சும்மாத்தான் கேட்டேன். அவன்கிட்டேருந்து வேற என்னல்லாம் வாங்கி வெச்சீங்க?"

"வழக்கமா வாங்கறதுதான். பெல்ட்டு, ஷூ லேசு, கயிறு கியிறு. லாக்கப்புல எவனாவது தொங்கிட்டான்னா ரிப்போர்ட் எழுதி மாளாது பாருங்க."

"பாத்துங்க, ரொட்டி உள்ள விழுந்துடும்" என்று சொல்லிவிட்டு ஹஸ்வினே எழுந்தாள். அவள் உதவியாள் ட்ரைமோர் வாசல்வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு அது பெரிய சாதனை.

"அக்கா, நம்ம ஊரு தீப்பெட்டிய வெயில்ல காய வெச்சு, சாமி கும்பிட்டுக் கிழிச்சாலே நாலாவது குச்சிதான் பத்தும். ஏரியில விழுந்து எழுந்தவன் பையில இருந்த தீப்பெட்டி ஒரே கிழியில பத்துதுன்னா, அதுக்கு ஒரு கோயிலே கட்டலாம்."

"கோயில் அப்புறம் கட்டலாம். மொதல்ல அவன் விழவே இல்லைன்னு ஆச்சு."

சனிக்கிழமை சாயங்காலம் கரிபா ஏரியில் நடந்ததை ஊரே ஒரே மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஹராரே முதலாளி மக்கான்சாவின் படகு வீடு தீவு ஓரமாக நங்கூரம் போட்டு நின்றது. அதோடு சேர்ந்த வேகப்படகு, தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த பட்டமரம் ஒன்றில் மோதியது. படகிலிருந்த மக்கான்சாவின் மச்சினர் ரெஜினால்ட் தோள்பட்டை உடைந்து பிழைத்துக்கொண்டார். சமையல்காரப் பெண் நேத்சாய் செத்துப்போனாள். "நான்தான் ஓட்டினேன். மூணு பேரும் தண்ணியில விழுந்தோம். தப்பு என்னுது" என்று படகோட்டி முன்சாகா ஒப்புக்கொண்டுவிட்டான். நாளைக் காலை கோர்ட்டிலும் இதையே சொல்லப்போகிறான். சொன்னால் பல வருஷம் உள்ளேதான்.

இதை நம்பாதவள் ஒரே ஒருத்தி, அவன் மனைவி முதிந்தா. அதே படகு வீட்டில் துணி துவைப்பவள். செத்துப்போன நேத்சாய் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. மூடியே வந்த சவப்பெட்டியில் தங்கையைப் புதைத்த கையோடு, புருஷனை மீட்க ஹஸ்வினேயின் வாசலுக்கு வந்து நின்றாள். ஃபீசுக்குப் பதில் ஒரு மூட்டை கபென்டா கருவாட்டை இறக்கினாள். "அவர் படகுலயே இல்லம்மா. தீவுல இறங்கி மீனுக்குப் புழு தோண்டிட்டு இருந்தார். போலீசுல சொன்னா, பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னு சிரிக்கறாங்க" என்றாள். பன்னிரண்டு வருஷம் போலீசில் இருந்துவிட்டு, வெறுத்துப்போய் வெளியே வந்து, சொந்தமாகத் துப்பறிபவள் ஹஸ்வினே. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போதும் முதிந்தா போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். ரவிக்கை ஓரம் முழுக்க மரத் துணி கிளிப்புகள் வரிசையாகக் கவ்விக்கொண்டு நின்றன.

"அந்தம்மா காதைத் தவிர எல்லா இடத்துலயும் கிளிப்பு மாட்டியிருக்கு" என்றான் ட்ரைமோர். "ஒவ்வொண்ணுலயும் நீல நூல் வேற. அலங்காரமா அக்கா?"

"அடையாளம்டா. ஒவ்வொரு படகு வீட்டுத் துணிக்காரியும் ஒரு கலர் நூல் சுத்தி வெப்பா. இல்லேன்னா பக்கத்துப் படகுக்காரி சுட்டுட்டுப் போயிடுவா."

முதிந்தா எழுந்து வந்தாள். "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"உன் புருஷன் படகுல இல்ல. நீ சொன்னது நிஜம்தான். சாயங்காலத்துக்குள்ள நல்ல சேதி சொல்றேன்."

அந்த வார்த்தையை ஹஸ்வினே சொல்லியிருக்க வேண்டாம். பிறகு நினைத்துப் பார்த்தபோது, அன்று முழுக்க அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான் என்று தோன்றியது.

படகுத்துறைக்குப் போகும் வழியில் ட்ரைமோர் தலையைச் சொறிந்தான். "செய்யாத குத்தத்த ஒருத்தன் எதுக்கு ஒத்துக்கணும்? எனக்கெல்லாம் செஞ்ச குத்தத்தையே ஒத்துக்க மனசு வராது."

"ஒரு படகு உன்னுதுன்னு வெச்சுக்கோ."

"வெச்சுக்கிட்டேன். நல்லாத்தான் இருக்கு. மேல சொல்லுங்க."

"அத ஓட்ட லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் இல்லாதவன் கையில நீ படகைக் குடுத்தா, மாட்டறது நீ. ஆனா லைசென்ஸ் உள்ளவன் ஒருத்தன் பக்கத்துலயே, கை எட்டற தூரத்துல உக்காந்திருந்தா, எவன் ஓட்டினாலும் பரவாயில்ல. ஏதாவது ஆச்சுன்னா அந்த லைசென்ஸ்காரன் தலையில விழும்."

"அப்போ முன்சாகா படகுல இருந்தா முதலாளியும் தப்பிச்சார், மச்சினரும் தப்பிச்சார், இன்சூரன்சும் வந்துடும்."

"முன்சாகா படகுல இல்லேன்னா மூணும் போச்சு."

"படகுல இல்லாதவனைப் படகுல ஏத்திட்டாங்க. நமக்கெல்லாம் பஸ்சுலயே இடம் கெடைக்க மாட்டேங்குது."

படகு வீட்டின் மேல்தளத்தில் மக்கான்சா வறுத்த மீனும் சோளக் களியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துக்க வீட்டுக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. வைத்துக்கொண்டார். ஆனால் கை மட்டும் மீன் முள்ளைச் சுத்தமாகப் பிரித்துக்கொண்டே இருந்தது.

"உக்காருங்க மேடம். நேத்சாய் நல்ல பொண்ணு. சவப்பெட்டி, லாரி, எல்லாச் செலவும் நான்தான் பாத்துக்கிட்டேன்."

"பெரிய மனசு. உங்க மச்சினர் எங்க?"

"ஹராரேல, ஆஸ்பத்திரியில. ரொம்ப வலி அவருக்கு."

"அவருக்குப் படகு லைசென்ஸ் இருக்கா?"

"அவர் கிட்ட பத்து லாரி ஓடுது. எல்லா லாரியும் அவரே ஓட்டுவார்."

"பத்தையும் ஒரே நேரத்துலயா சார்?" என்றான் ட்ரைமோர்.

மக்கான்சா அவனை ஈயைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். ஹஸ்வினே தீப்பெட்டிக் கதையைச் சொன்னாள். சுருக்கமாக, அலங்காரம் இல்லாமல். சொல்லி முடித்ததும் அவர் களியைப் பிசைவதை நிறுத்தினார்.

"கான்ஸ்டபிள் இதைக் கோர்ட்டுல சொல்லுவாரா?"

"பெருமையாச் சொல்லுவார்."

மக்கான்சா திடீரென்று குரலை இறக்கினார். இப்போது பேசியது முதலாளி இல்லை, ஒரு வீட்டு மாப்பிள்ளை.

"நீங்களே சொல்லுங்க மேடம். அவர் என் பொண்டாட்டியோட அண்ணன். கல்யாணப் பேச்சப்போ அவர் முன்னாடி குத்த வெச்சு உக்காந்து, கை தட்டி வணங்கினவன் நான். இன்னிக்கும் அவர் நாற்காலியில உக்காந்தா நான் தரையிலதான் உக்காரணும். அப்படிப்பட்டவர், 'மாப்பிள்ளை, உன் படகை ஒரு சுத்து ஓட்டிப் பாக்கறேன்'னார். நான் என்ன செய்ய? 'லைசென்ஸ் எங்க மாமா'ன்னு கேக்க முடியுமா? கேட்டா என் சம்சாரம் வீட்டுல இருப்பாளா?"

ஹஸ்வினேயின் அண்ணனுக்கும் ஒரு தங்கை புருஷன் இருந்தான். கேட்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். சட்டம் எழுதினவனுக்கும் பெண்டாட்டி வீடு இருந்திருக்கும், அவனும் கேட்டிருக்க மாட்டான்.

"அப்போ படகை நீங்க குடுத்தீங்க."

"நான் எங்க குடுத்தேன்?" மக்கான்சா நிமிர்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை போய் முதலாளி திரும்பி வந்துவிட்டார். "நீங்க ஒண்ண மறந்துட்டீங்க மேடம். அந்த இன்ஜினுக்கு ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஒரு முனையில இருக்கற கொக்கிய சுவிட்சுல மாட்டினாத்தான் இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகும். அந்தக் கயிறு எப்பவும் முன்சாகாகிட்டதான் இருக்கும். அவன் குடுக்காம படகு எப்படி ஓடும்? லைசென்ஸ் உள்ள ஆளை நான் சம்பளத்துக்கு வெச்சிருக்கேன். படகு அவன் பொறுப்பு. அவனே கயித்தைக் குடுத்துட்டு, புழு தோண்டப் போயிட்டான்னா அது யார் தப்பு? கூடவே இருந்து மோதியிருந்தா விபத்து. லைசென்ஸ் இல்லாதவன் கையில குடுத்துட்டு எறங்கிப் போனா அதைவிடப் பெரிய குத்தம்."

அவர் மறுபடி மீனை எடுத்தார்.

"தாராளமா தீப்பெட்டியக் காட்டுங்க. அவனுக்குத்தான் ரெண்டு வருஷம் கூடும்."

படிக்கட்டில் இறங்கும்போது ட்ரைமோர் முணுமுணுத்தான். "இந்தாளு வக்கீலுக்குப் படிச்சாரா, இல்ல வக்கீலையே முழுங்கிட்டாரா?"

"அவர் சொன்னது சரிடா" என்றாள் ஹஸ்வினே. வாய் கசந்தது. "தீப்பெட்டி அவனை ஒரு குழியிலேருந்து எடுத்து இன்னொரு குழியில போடுது. கயிறு இல்லாம இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆச்சுன்னு தெரியணும். அது தெரிஞ்சாத்தான் அவன் வெளிய வருவான்."

வேகப்படகைத் துறைமுகத்துப் பட்டறை முற்றத்தில் பழைய டயர்களின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். காவலாளி நிழலில் தூங்கிக்கொண்டிருந்தான். ட்ரைமோர் அவனை எழுப்பி அனுமதி கேட்கலாமா என்று பார்த்தான். "தூங்கறவனத் தொந்தரவு பண்றது பாவம்" என்று அவனே முடிவும் செய்துகொண்டான்.

ஹஸ்வினே படகின் மூக்கை ஒருமுறை சுற்றி வந்தாள். மறுபடியும் சுற்றினாள்.

"ட்ரைமோர், இங்க வா. அடி எங்க பட்டிருக்கு?"

"இதோ." அவன் விரலால் தொட்டான். "பெயின்ட் உரிஞ்சிருக்கு. லேசாக் கீறல்."

"வேற?"

"வேற ஒண்ணும் காணோம். என் சைக்கிள் இதைவிட மோசமா இருக்கு."

"இந்த அடிக்கு ஒருத்தி செத்துப்போவாளா?"

ட்ரைமோர் கீறலை மறுபடி தடவிப் பார்த்தான். அவள் படகுக்குள் ஏறி, ஓட்டுபவர் இருக்கைக்கு முன்னால் குனிந்தாள். சிவப்புப் பொத்தான் வைத்த சுவிட்ச். கயிற்றின் கொக்கி, பொத்தானுக்கு அடியில் கவ்வி நிற்க வேண்டும். அந்த இடுக்கில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. கொண்டை ஊசியை எடுத்து நெம்பினாள். ஒரு சின்ன மரத்துண்டு உள்ளங்கையில் விழுந்தது.

துணி கிளிப்பில் பாதி.

"அட! படகு துணி காயப் போட்டுச்சா?" என்று சிரித்தான் ட்ரைமோர். அப்புறம் அவனுக்கே விளங்கியது. துள்ளிக் குதித்தான். "அக்கா! கொக்கிக்குப் பதிலா கிளிப்பைச் சொருகி இன்ஜின ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க! கயிறு முன்சாகாகிட்டயே இருந்திருக்கு. அவன் குடுக்கவே இல்ல! முதலாளி முழுங்கின வக்கீல் இப்போ தொண்டையில மாட்டப்போறார்! நில்லுங்க, கும்போ என்ன சொன்னார்? பெல்ட்டு, ஷூ லேசு, கயிறு! அவன்கிட்டேருந்து கழட்டி வெச்சிருக்காங்க. ஸ்டேஷன்லயே இருக்கு அக்கா, ஸ்டேஷன்லயே!"

ஹஸ்வினே சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் அந்த மரத்துண்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதில் நீல நூல் சுற்றியிருந்தது.

"அந்தக் கயித்தோட இன்னொரு முனை எங்க இருக்கும்?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஓட்டறவன் கையில. மணிக்கட்டுல மாட்டிக்குவாங்க."

"எதுக்கு?"

"ஓட்டறவன் தவறித் தண்ணியில விழுந்தா கயிறு பிடுங்கிட்டு வரும், இன்ஜின் நின்னுடும். இல்லேன்னா ஆளில்லாத படகு அங்கயே வட்டம் போட்டுச் சுத்தி..."

அவன் அங்கேயே நிறுத்திக்கொண்டான். படகின் பின்புறம் போய் இன்ஜினின் அடியிலிருந்த விசிறி இலைகளைப் பார்த்தான். உடனே திரும்பிவிட்டான். பட்டறை வாசல்வரை நடந்துபோய், ஏரியைப் பார்த்தபடி நின்றான். சுற்றியிருந்த நூலின் கலரை அவன் இன்னும் பார்த்திருக்கவில்லை. ஹஸ்வினே காட்டியபோது, "வேண்டாம் அக்கா" என்று மட்டும் சொன்னான்.

கும்போ சந்தோஷமாகவே பையைக் கவிழ்த்துக் காட்டினார். பெல்ட், ஷூ லேஸ், சுருண்டு கிடந்த சிவப்புக் கயிறு. "கழுத்துல மாலை மாதிரி போட்டிருந்தான். நல்லவேளை, நான் பாத்தேன்" என்றார். தான் எதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஹஸ்வினே கயிற்றுக்கு ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு லாக்கப்புக்குள் போனாள்.

முன்சாகா சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கிளிப் துண்டைப் பார்த்ததும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இதை எங்கேருந்தும்மா எடுத்தீங்க? நான்தான் பிடுங்கி ஏரியில வீசிட்டேனே."

"பாதியத்தான் வீசினீங்க."

அவன் நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டான்.

"உங்களை யாரும் பணம் குடுத்து வாங்கல, மிரட்டவும் இல்ல. நீங்களாவே ஒத்துக்கிட்டீங்க. அப்படித்தானே?"

"கீழ எறங்கினா கயித்தோட எறங்கறதுதான் எங்க பழக்கம்" என்றான், அவள் கேள்விக்குப் பதில் சொல்லாமல். "கயிறு கழுத்துல இருந்தா படகு எங்கயும் போவாதுன்னு நிம்மதியா மண்ணைத் தோண்டிட்டு இருந்தேன். இன்ஜின் சத்தம் கேட்டுச்சு. இது எப்படிடான்னு நிமிர்ந்து பாத்தேன். அந்த மரத்துல வெள்ளைப் பாட்டில் கட்டினதே நான்தாம்மா, யாரும் மோதக் கூடாதுன்னு. முதலாளி மச்சினர் அத வலையோட மிதவைன்னு நெனச்சு, மீன் பாக்க நேரா அதை நோக்கி வர்றார். நேத்சாய் கத்தறா. அவர் சிரிக்கறார்."

"லேசாத்தான் உரசிச்சு."

"லேசாத்தான். ரெண்டு பேரும் தெறிச்சு விழுந்தாங்க. நேத்சாய் தலையத் தூக்கினா. என்னைப் பாத்து, எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு கையக்கூட ஆட்டினா." அவன் கம்பியை விட்டுவிட்டு மறுபடி பிடித்தான். "இன்ஜின் நிக்கலம்மா. ஆளில்லாத படகு வட்டம் போட்டுத் திரும்பி வந்துச்சு. நான் கத்திக்கிட்டே முழங்கால் தண்ணி வரைக்கும் ஓடினேன். அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அப்புறம் அந்தப் படகு தானே வந்து என் கால்கிட்ட சேத்துல ஏறி நின்னுச்சு. உள்ள எட்டிப் பாத்தேன். சுவிட்சுல நீல நூல்."

லாக்கப்பில் வேறு யாரும் இல்லை. வெளியே யாரோ பக்கெட்டை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு தடவை எங்க கயிறு அறுந்துபோச்சு. அன்னிக்கு மட்டும் முதிந்தாகிட்ட ஒரு கிளிப் வாங்கிச் சொருகிக் கரைக்கு வந்தேன். அவ பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தா. அதுதான் நான் செஞ்ச தப்பு. சனிக்கிழமை அந்தாளு படகு கேட்டுக் கத்தியிருப்பார், முதலாளி கைய பிசைஞ்சிருப்பார். இவ உதவி பண்றதா நெனச்சு ஒரு கிளிப்பைக் குடுத்திருப்பா. தங்கச்சிய அந்தப் படகுல அனுப்பினதும் இவதான், 'போய் உங்க அத்தானைக் கூட்டிட்டு வா'ன்னு. கயிறு எதுக்குன்னு அவளுக்குத் தெரியாதும்மா. சாவி மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நெனச்சுட்டு இருக்கா."

"சவப்பெட்டிய மூடி வெச்சது?"

"முதலாளிகிட்ட நான் கேட்ட ஒரே உதவி அதுதான். அவர் என்னை விசுவாசின்னு நெனச்சுட்டு இருக்கார். நெனச்சுக்கட்டும்." அவன் கம்பிக்கு வெளியே கையை நீட்டினான். "குடுத்துடுங்கம்மா அதை. இப்போ அவளுக்கு மரம்தான் தங்கச்சியக் கொன்னுது. மரத்தைத் திட்டலாம், அந்தாளைத் திட்டலாம், என்னைக்கூடத் திட்டலாம். அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நான் உள்ள இருந்துட்டு ஒரு நாள் வெளிய வந்துடுவேன். இதைப் பாத்தா அவ எங்கேருந்தும் வெளிய வர மாட்டா."

ஹஸ்வினேவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மீன் தின்றுகொண்டிருக்கும் மக்கான்சாமேலும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மச்சினர்மேலும் வந்தது. இவ்வளவு அன்பை வைத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போக அவசரப்படும் இந்த ஆள்மேலும் வந்தது. கிளிப்பைக் கொடுத்துவிட்டால் குற்றவாளிகள் இரண்டு பேரும் கையை வீசிக்கொண்டு போவார்கள். கொடுக்காவிட்டால் இவன் வெளியே வருவான். அந்தப் பெண் உடைந்துபோவாள்.

"தங்கச்சியப் பறிகொடுத்தா. புருஷனையும் சேத்துப் பறிகொடுக்கணுமா?"

"அம்மா, கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் கிளிப் துண்டைக் கைக்குட்டையில் வைத்து முடிந்துகொண்டாள். கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஏரியில் போட்டுவிடலாம் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தாள். தீப்பெட்டியைக் கோர்ட்டில் காட்டிவிட்டு, மற்றதற்கு நல்ல வக்கீலாகப் பார்த்து எப்படியாவது வாதாடலாம். வெளியே வரும்வரை அந்த நினைப்பு அவளிடம் இருந்தது.

வெளியே முதிந்தா மரத்தடியிலிருந்து ஓடி வந்தாள். ட்ரைமோர் சிவப்புக் கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தான். அதை ஒளித்திருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"ஐயோ, இது அவர்கிட்டயேதான் இருந்துச்சா?" அவள் முகம் மலர்ந்தது. அந்த வாரத்தில் முதல் தடவையாக இருக்கும். "அம்மா, முதலாளி என்ன சொல்றாராம் தெரியுமா? கயித்தை எங்க வீட்டுக்காரரே குடுத்துட்டுப் போயிட்டாராம். இப்போதான் போன் வந்துச்சுன்னு கும்போ சொன்னார். பொய்! கயித்தைக் காணோம்னுதான் அந்த மச்சினர் குதியாக் குதிச்சார். நான்தான் ஒரு கிளிப்பைக் குடுத்து, எங்க வீட்டுக்காரர் ஒரு தடவை இப்படித்தான் ஓட்டினார்னு சொருகியும் காட்டினேன்."

அவள் ரவிக்கையிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றி ஹஸ்வினேயின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இதோ, இதே மாதிரிதான். நாளைக்குக் கோர்ட்டுல நானே சொல்றேன். அவர் குடுக்கல, நான் குடுத்தேன்னு. சொன்னா அவரை விட்டுடுவாங்கல்ல?"

"விட்டுடுவாங்க" என்றாள் ஹஸ்வினே.

"அப்புறம் எதுக்கும்மா ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க?"

ட்ரைமோர் எதற்கும் பதில் வைத்திருப்பவன். குனிந்து கயிற்றைப் பிரித்தான், மறுபடி சுற்றினான். முதிந்தா அவன் கையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், அது நீண்டு சுருங்குவதைப் பார்த்தாள்.

"ஆமா, இதோட இன்னொரு முனை எதுக்கு? சுவிட்சுக்கு ஒரு முனைதானே வேணும்?"

நாளைக்குக் கோர்ட்டில் இந்தக் கேள்விக்கு மக்கான்சாவின் வக்கீல் பதில் சொல்லுவான். எல்லோர் முன்னாலும், சத்தமாக, விரலை நீட்டி. ஹஸ்வினே அவள் தோளைப் பிடித்து மரத்தடியில் உட்கார வைத்து, தானும் தரையில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல், தணிந்த குரலில் சொன்னாள். முன்சாகா ஏன் ஒப்புக்கொண்டான் என்பதையும் சொன்னாள்.

முதிந்தா அழவில்லை. ரவிக்கை ஓரத்திலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றிக் கழற்றி ஹஸ்வினேயின் மடியில் வைத்தாள். எல்லாம் தீர்ந்த பிறகும் அவள் விரல்கள் ரவிக்கை ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தன.

"நேத்சாய் நல்லா நீந்துவாம்மா" என்றாள். "எங்க ஊர்லயே அவளை மாதிரி நீந்த ஆள் இல்ல. அவ எப்படித் தண்ணியில போனான்னுதான் இத்தனை நாளும் எனக்குப் புரியவே இல்ல."

ஸ்டேஷன் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முன்சாகா நின்றுகொண்டிருந்தான். பேசியது அவனுக்குக் கேட்டிருக்காது. மடியில் குவிந்து கிடந்த கிளிப்புகள் தெரிந்திருக்கும். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கோர்ட்டு எத்தனை மணிக்குத் தொறப்பாங்க தம்பி?" என்று ட்ரைமோரைக் கேட்டாள்.

"எட்டு மணிக்கும்மா."

"சரி. அவர் வெளிய வந்ததும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் விடுங்க. களி கிண்டி மூடி வெச்சுட்டுத்தான் கோர்ட்டுக்கு வருவேன். சாட்சி சொன்னதும் எங்க ஊருக்குப் போயிடுவேன். நான் எங்கன்னு கேட்டா மட்டும் சொல்லாதீங்க."